வரைபடத்தை விரித்து வைத்துவிட்டுக் கேளுங்கள்

"அந்தக் காலத்தில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்று இங்கிலாந்தில் எந்த முதியவரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். கதவைப் பூட்டாமலே வெளியே போவோம், தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பிள்ளைகள் இருட்டும் வரை வெளியில்தான் விளையாடுவார்கள். பொய் இல்லை. ஆனால் லீட்ஸில் கேட்டாலும் இதுதான், லிவர்பூலில் கேட்டாலும் இதுதான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

அதே ஆளின் முன்னால் அவர் பிறந்த தெருவின் பழைய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்து பாருங்கள். முதலில் கண்ணாடியைத் தேடுவார். அப்புறம் விரல் நகர ஆரம்பிக்கும். "இந்த மூலையில் பால்காரர். பின்னால் குதிரை லாயம். இதோ, இந்தச் சந்து வழியாகப் போனால் பள்ளிக்கூடம் பக்கம். ஆனால் அந்த வீட்டு நாய்க்குப் பயந்து நாங்கள் சுற்றித்தான் போவோம்." நமக்கு வேண்டியது அந்த நாய்தான்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தைப் பற்றி இதைப் படிக்கிற பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைக்காய், மல்லிகைச்சரம், நகைக்கடை, தோசைக்கடை, கோயில் எல்லாம் ஒரே சாலையில் கிடைக்கும். அங்கே ஒரு நூலகத்தில் முதியவர்கள் கூடிப் பழைய நினைவுகளைப் பேசுகிற அமர்வுகளுக்கு உதவியாளாகப் போக ஆரம்பித்தேன். தேநீர் ஊற்றுவதும் நாற்காலி போடுவதும்தான் வேலை. வரைபடப் பித்து பிடித்தது அங்கேதான். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் பர்மிங்ஹாமில் இருந்தாலும், வேல்ஸில் ஒரு சிற்றூரில் இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் விஷயம், வரைபடத்தை எங்கே தேடுவது. ஈஸ்ட் ஹாமை லண்டன் என்ற தலைப்பின் கீழ்த் தேடினால் சரியாகக் கிடைக்காது. 1965 வரை இது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டுதான் ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் சேர்ந்து நியூஹாம் ஆயின. ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் பழைய பெரிய அளவுத் தாள்களை மாவட்டம் மாவட்டமாகத்தான் வெளியிட்டது. அதனால் உங்கள் ஊர் அப்போது எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குரோய்டன் என்றால் சர்ரே, வெம்பிளி என்றால் மிடில்செக்ஸ். எஸ்ஸெக்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிந்தைய பதிப்பில் தாள்களுக்கு எண்ணையே மாற்றிவிட்டார்கள். பழைய தாளின் ரோமன் எண்ணை வைத்து அடுத்த பதிப்பைத் தேடினால் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். எண்ணை நம்பாமல் இடத்தை வைத்துத் தேடுவதே நல்லது.

அதற்கு ஏற்ற இடம், வேடிக்கைதான், ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம். இங்கிலாந்து, வேல்ஸ் தாள்களையும் அவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பழைய தாளும் மறுபக்கம் இன்றைய செயற்கைக்கோள் படமும் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் சுட்டியை நகர்த்தினால் மற்றதிலும் அதே இடத்தில் புள்ளி நகரும். இரவு பத்து மணிக்கு மேல் இதைத் திறக்காதீர்கள், தூக்கம் போய்விடும். வெளியாகி 50 ஆண்டு கடந்த ஆர்டனன்ஸ் சர்வே வரைபடங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஸ்கேன் செய்து தருகிற நூலகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கலாம். அச்சில் போடுவதாக இருந்தால் அதைப் படித்துவிட்டு, நூலகத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

அளவு மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், ஆறு அங்குலம், இருபத்தைந்து அங்குலம். ஓர் அங்குலத் தாள் சுற்றுவட்டாரத்தைப் பார்க்க. ஆறு அங்குலம் ஊரைப் பார்க்க. நினைவுகளைக் கிளறுவதற்கு இருபத்தைந்து அங்குலம்தான், அதாவது 1:2,500. அதில் தாளின் ஒரு சதுர அங்குலம் தரையில் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒவ்வொரு வீட்டின் கொல்லைப்புறமும் தனியாகத் தெரியும். பண்ணைத் தொழுவம், பூங்காவின் நடைபாதை, சில இடங்களில் தனி மரம்கூட இருக்கும். அச்செடுக்க வசதி இல்லையென்றால், ஆலன் காட்ஃப்ரி என்ற பதிப்பகம் இந்தத் தாள்களைச் சற்றே சுருக்கி மடிப்பு வரைபடமாகப் போடுகிறது. பின்பக்கம் ஊர் வரலாற்றுக் குறிப்பும் இருக்கும். முதியவர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஈஸ்ட் ஹாமின் தாள்களை வரிசையாக அடுக்கினால் என்ன தெரிகிறது? 1860-களில் அளந்த முதல் பதிப்பில் ஊரே இல்லை. பிளாஷெட், வால் எண்ட் என்று சிதறிய குக்கிராமங்கள், சந்தைக்குக் காய்கறி போடுகிற தோட்டங்கள். லண்டனுக்கு இங்கிருந்தும் உருளைக்கிழங்கு போனது. ரயில் நிலையம் 1858-லேயே வந்துவிட்டது, ஆனால் வயலுக்கு நடுவே நிற்கிறது. தெற்கே தேம்ஸ் வரை சதுப்பு நிலமும் கால்வாய்களும். அடுத்த பதிப்பில், 1890-களில், தெருக்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், பாதியில் வீடு இல்லை. அதற்கடுத்த பதிப்பில் வெற்றிடமே இல்லை. 1891-ல் 30 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த மக்கள்தொகை 1901-ல் 96 ஆயிரம். பத்தே வருடத்தில் மூன்று மடங்கு! ரயிலும், தெற்கே ராயல் டாக்ஸ் துறைமுகமும், பெக்டன் எரிவாயு ஆலையும் கொண்டுவந்த கூட்டம் அது. நகர மன்றக் கட்டடத்தை 1903-ல் திறந்தார்கள். நாம் இன்று வாடகைக்கு இருக்கிற வரிசை வீடுகள் முக்கால்வாசி அந்த அவசரத்தில் எழுந்தவை. ஈரம் ஏறுகிற சுவருக்குக் காரணம் கேட்பவர்கள் 1860-களின் தாளையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்கு அடியில் கால்வாயோ, செங்கல் மண் எடுத்த குழியோ இருந்தால் அதில் தெரியும்.

தாளின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. அதுதான் முக்கியம். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று மூன்று இருக்கும். மூன்றுக்கும் இடையே சில வருடங்கள் ஓடியிருக்கும். ஈஸ்ட் ஹாம் மாதிரி மாதத்துக்கொரு தெரு முளைத்த ஊரில் அந்தச் சில வருடம் பெரிய வித்தியாசம். "1898 வரைபடத்தில் எங்கள் வீடு இல்லை, ஆனால் பத்திரத்தில் 1896 என்று இருக்கிறதே" என்று ஒருவர் ஆவணத்தையே சந்தேகப்பட்டார். வரைபடம் அச்சான ஆண்டைத்தான் அவர் பார்த்திருந்தார், அளந்து திருத்தியதோ அதற்கும் முன்னால். ஓர் அங்குலப் பழைய வரிசையில் இன்னும் மோசம். பின்னாள் அச்சுகளில் ரயில் பாதையை மட்டும் புதிதாகச் செருகுவார்கள், சுற்றியிருப்பது பழையபடியே இருக்கும். இருப்புப்பாதையும் அதற்கு முப்பது வருடம் முந்தைய வயலும் ஒரே தாளில் குடித்தனம் நடத்தும். அப்புறம், ராணுவ இடங்களைப் பல காலம் வெளியீட்டுத் தாள்களில் காட்டாமல் வெறுமையாக விட்டார்கள். வெற்றிடம் என்றால் புல்வெளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுருக்கெழுத்துகளும் பழகிக்கொள்ள வேண்டியவை. பி.எச். என்றால் மதுக்கடை, அதாவது பப். எல்.பி. தபால் பெட்டி. எஃப்.பி. நடைபாதை. தனியாக ஒரு டபிள்யூ நின்றால் கிணறு, பி நின்றால் கைப்பம்பு. பி.எம். என்பது பெஞ்ச் மார்க். கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று அளந்து, அந்த இடத்துச் சுவரில் கல்லில் ஒரு படுக்கைக் கோடும் அதன் கீழ் அம்புக்குறியும் வெட்டிவிட்டுப் போவார்கள். பல இடங்களில் அது இன்றைக்கும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு நடை போகும்போது நான் செய்வது இதுதான்: தாளில் பி.எம். என்ற இடத்தைக் காட்டி, சுவரில் தேடச் சொல்லிவிடுவேன். முழங்கால் உயரத்தில், பாசி படிந்த கல்லில் அந்த அம்பைக் கண்டுபிடித்த பையன் அதன் பிறகு வரைபடத்தை விடவே மாட்டான். பெரியவர்களுக்கும் அப்படித்தான். அதே தெருவில் நாற்பது வருடம் நடந்தவர்கள் "இது எனக்குத் தெரியவே தெரியாது" என்று குனிந்து பார்ப்பார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த அளவை வேலைக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1784-ல் வில்லியம் ராய் என்ற படை அதிகாரி லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ ஹீத்தில் ஐந்து மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான கோடு, அளந்தார். பிரிட்டன் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்ததற்கு அதுவே தொடக்கம். கோட்டின் இரு முனையிலும் பிறகு ஒரு பீரங்கிக் குழாயைச் செங்குத்தாக நட்டு வைத்தார்கள். அவற்றில் ஒன்று இன்று ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு எல்லைச் சாலை ஓரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்து இறங்குகிற எல்லோரும் அதன் பக்கமாகத்தான் போகிறோம், யாரும் பார்ப்பதில்லை. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை இதே மாதிரி ஒரு கோடு அளந்துதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். பரங்கிமலை பக்கம் வளர்ந்த எனக்கு ஹீத்ரோவின் அந்தப் பீரங்கியைப் பார்க்க ஒருநாள் போனபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

வரைபடம் என்றால் துல்லியம், நினைவு என்றால் தள்ளாட்டம் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. சுவர் எங்கே நிற்கிறது என்பதை அளவைக்காரர் சங்கிலி போட்டு அளந்தார். அந்த இடத்தின் பெயரை எப்படி எடுத்தார்? ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான். பாதிரியார், நிலக்கிழார், பண்ணைக்காரர், தபால்காரர் என்று ஆள் பிடித்துக் கேட்டு, யார் எப்படி எழுத்துக்கூட்டிச் சொன்னார்கள் என்று பெயர்ப் புத்தகம் ஒன்றில் பதிந்து வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் பெயர்ப் புத்தகங்கள் முழுவதும் தப்பிப் பிழைத்து இணையத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தின் பெரும்பாலான மாவட்டப் புத்தகங்கள் 1940-ல் சவுத்தாம்டன் அலுவலகத்தின் மீது குண்டு விழுந்தபோது எரிந்துபோயின. ஆக, வரைபடத்திலும் பெயர் என்று வந்துவிட்டால் அது யாரோ ஒருவர் சொன்ன நினைவு. யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பெயரும் மாறும். பெரிய மனிதர்கள் சொன்னது தாளில் ஏறியது, கூலிக்காரர்கள் சொன்னது ஏறவில்லை. எங்கள் அமர்வில் முதியவர்கள் சொல்லும் செல்லப் பெயர்களில் பல எந்தத் தாளிலும் கிடையாது. கேட்கும்போதே பென்சிலால் எழுதிக்கொள்ளாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

என் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். 1930-களில் அதே தெருவில் பிறந்தவர். என்னைப் பார்த்தால் "வா, லவ்" என்றுதான் கூப்பிடுவார், கிழக்கு லண்டன் வழக்கம். பழைய கதை கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். "போரடிக்கும், விடு" என்பார். ஒருநாள் ஊரின் தென்பகுதித் தாளை அவர் சமையலறை மேசையில் விரித்தேன். ஹை ஸ்ட்ரீட் சவுத் முடிகிற இடத்தில் புனித மேரி மகதலேனாள் தேவாலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இன்றைக்கு ஏ13 நெடுஞ்சாலையின் இரைச்சல் பக்கத்திலேயே. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை முதன்முதலில் முறையாக அளந்து வரைந்தவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்டூக்லி 1765-ல் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள். அவர் விருப்பப்படியே கல்லறைக்கு அடையாளம் வைக்கவில்லை. பழைய இடங்களை வரைந்து வைப்பதிலேயே காலம் கழித்தவருக்கு வினோதமான ஆசை.

அந்த அம்மாள் ஸ்டூக்லியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தேவாலயத்துக்குத் தெற்கே ஓடுகிற மெல்லிய இரட்டைக் கோட்டில் விரலை வைத்தார். "இது கால்வாய். இதில்தான் ஜாம் பாட்டிலில் குட்டி மீன் பிடிப்போம். காலில் சேறோடு வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தி வைப்பாள்." அங்கிருந்து விரல் தெற்கே பெக்டனுக்குப் போனது. எரிவாயு ஆலையின் நாற்றம் காற்று திரும்பினால் வகுப்பறைக்குள் வரும், ஆசிரியை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதில் கரி வாங்கி வருவார்கள், அக்காவும் இவரும். திரும்பும்போது தம்பியைக் கரிமேல் உட்கார வைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. பெக்டன் ஆலை 1870-ல் தொடங்கியது, எரிவாயு நிறுவனத்தின் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக் என்பவரின் பெயர், ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய எரிவாயு ஆலைகளில் ஒன்று என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். கரியின் மேல் உட்கார்ந்து வந்த தம்பி புத்தகத்தில் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கங்கள் சில. ஆண்டைக் கேட்கக் கூடாது. "எந்த வருடம்?" என்றதும் பேச்சு நின்றுவிடும், அவர் கணக்குப் போட ஆரம்பிப்பார், போட்ட கணக்கும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். "அப்போது எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?", "போருக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டால் போதும், வருடத்தை நாம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் "83-க்கு முன்", "83-க்குப் பின்" என்று சொல்வதுபோல அவர்களுக்கு 1939. கேள்வி வழியைப் பற்றி இருக்கட்டும்: பள்ளிக்கு எப்படிப் போவீர்கள், ரொட்டி வாங்க எந்தப் பக்கம் திரும்புவீர்கள். கால் நடந்த பாதையை மூளை எளிதில் மறப்பதில்லை. புகைப்படத்தை முதலில் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் அதன் பிறகு அவர் சொல்வதெல்லாம் அந்தப் படத்தில் இருப்பதுதான். முதலில் வரைபடம், கடைசியில் படம். தாளின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, பென்சிலை அவர் கையிலேயே கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித் தாள். பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எது ஒத்துப்போகிறது, எது முரண்படுகிறது என்று தெரியும்.

முரண்பாடு வந்தால் சந்தோஷப்படுங்கள். பால் பண்ணை இந்த மூலையில் என்று ஒருவர், எதிர் மூலையில் என்று இன்னொருவர். இருவருக்கும் முகம் சிவக்கிற அளவுக்கு வாக்குவாதம். இந்த மாதிரிச் சமயத்தில்தான் கெல்லி டைரக்டரி உதவும். தெருவாரியாக, கதவு எண்வாரியாக, யார் என்ன தொழில் என்று அச்சிட்ட பழைய விவரத் தொகுப்பு. லெஸ்டர் பல்கலைக்கழகம் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது, உள்ளூர் நூலகங்களிலும் கிடைக்கும். ஒரு வருடத்துத் தொகுப்பு போதாது, முன்னும் பின்னும் இரண்டு மூன்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் கடை இடம் மாறியிருந்தது. இருவர் சொன்னதும் சரி, இடையில் ஆறேழு வருடம். வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்க 1921 மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு நேரில் போனால் இலவசமாகப் பார்க்கலாம். 1931 கணக்கு தீயில் அழிந்துவிட்டது, 1941-ல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்றுதான்.

போர் பற்றி ஒரு எச்சரிக்கை. 1940 செப்டம்பர் 7 முதல் துறைமுகத்தைச் சுற்றி விழுந்த குண்டுகள் ஈஸ்ட் ஹாமையும் விடவில்லை. போருக்குப் பிந்தைய 1:1,250 தாள்களைப் பார்த்தால் நெருக்கமான வீட்டு வரிசையின் நடுவே இடிபாடு என்று ஒற்றைச் சொல் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு அங்கே 1950-களின் அடுக்குக் குடியிருப்பு நிற்கும். இரு பக்கமும் நூற்றாண்டுப் பழைய வீடுகள் இருக்க நடுவில் மட்டும் புதுசாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பிள்ளைகளுக்கு இது சுவாரசியமான துப்பறியும் விளையாட்டு. ஆனால் அதே தாளை ஒரு முதியவர் முன் விரிக்கும் முன் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு பெரியவர் அந்தச் சொல்லின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். நாங்களும் வேறு ஏதோ பேசினோம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். ஒலிப்பதிவு செய்வதானால் முன்பே கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, வேண்டாம் என்று பிறகு சொன்னால் அழித்துவிடுங்கள். உயிரோடு இருக்கும் மூன்றாம் ஆளைப் பற்றி வருகிற கதைகளை, எவ்வளவு ருசியாக இருந்தாலும், வெளியிடாதீர்கள். ஊர் வம்பு அறுபது வருடம் கழித்தும் சூடாகவே இருக்கும்.

படங்களுக்கு வந்தால், பழைய தபால் அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். பிரான்சிஸ் ஃபிரித் என்பவர் 1860-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, பிரிட்டனின் ஒவ்வொரு ஊரையும் சிற்றூரையும் படம் எடுத்துவிடுவது என்று கிளம்பினார். ஊர்க்காட்சி அட்டைகளில் அவர் நிறுவனத்துடையவை ஏராளம். அட்டையின் காலத்தைக் கணிக்கச் சில வழிகள் உண்டு. பின்பக்கம் நடுக்கோடு போட்டு, ஒரு பாதி முகவரிக்கு ஒரு பாதி செய்திக்கு என்று இருந்தால் அது 1902-க்குப் பிந்தையது. அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். அரைப் பென்னி ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 1918 ஜூனுக்கு முந்தையது, அதன் பிறகு கட்டணம் ஒரு பென்னி ஆனது. தபால் முத்திரையில் உள்ள தேதி அட்டை அனுப்பிய தேதி மட்டுமே. படம் அதற்குப் பத்து வருடம் முன் எடுத்ததாக இருக்கலாம், கடைக்காரர் பழைய சரக்கை விற்றுக்கொண்டே இருப்பார். படத்தில் டிராம் கம்பி இருக்கிறதா, விளக்குக் கம்பம் எப்படி என்று பார்ப்பதே நம்பகம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது, தசமபாக வரைபடங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவந்ததை 1836 சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக வயல் வயலாக அளந்து, ஒவ்வொன்றின் பெயர், உரிமையாளர், குத்தகைக்காரர், பயிர் எல்லாம் எழுதினார்கள். ஆர்டனன்ஸ் சர்வே தாளில் வயலுக்கு எண்தான் இருக்கும், இதில் பெயரே இருக்கும். ஒரு பிரதி கியூவிலும், பெரும்பாலும் இன்னொன்று மாவட்ட ஆவணக்காப்பகத்திலும் இருக்கும். எஸ்ஸெக்ஸ் என்றால் செம்ஸ்ஃபோர்டு.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அமர்வுக்கு வருகிற வெள்ளைக்கார முதியவர்களின் கதை 1970-களோடு முடிந்துவிடுகிறது. அவர்களில் பலர் பிறகு எஸ்ஸெக்ஸ் பக்கம் குடிபோய்விட்டார்கள், உறவினர் வீட்டுக்கு வருவதுபோல வந்து போகிறார்கள். அதற்குப் பிந்தைய ஈஸ்ட் ஹாமை அறிந்தவர்கள் மலையாளிகளும், குஜராத்திகளும், பஞ்சாபிகளும், நம் ஆட்களும். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களும் "நாங்கள் நேற்று வந்தவர்கள்தானே" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 80-களில் வந்தவருக்கு இன்று நாற்பது வருட நினைவு இருக்கிறது. முதல் தமிழ் மளிகைக் கடை எது, ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், பெட்ரோல் நிலைய இரவு வேலைக்கு எந்தப் பேருந்தில் போனார்கள், கோயில் வருவதற்கு முன் யார் வீட்டில் பூசை நடந்தது, இதெல்லாம் உள்ளூர் வரலாறு இல்லையென்றால் வேறு எது?

ஆர்டனன்ஸ் சர்வே தாள் இதற்கு உதவாது, அதில் கடைப் பெயர் இராது. கோட் வரைபடங்கள்தான் வேண்டும். சார்லஸ் கோட் என்பவரின் நிறுவனம் 1880-களிலிருந்து தீக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக நகர மையங்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அதுவே கடைவீதி வரைபடமாக மாறியது. ஒவ்வொரு கதவுக்கும் அந்த ஆண்டு என்ன கடை என்று எழுதியிருக்கும். உள்ளூர் நூலகத்திலோ ஆவணக்காப்பகத்திலோ சில ஆண்டுகளுக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு தாளின் பிரதி கிடைத்தது. மேசையில் விரித்தபோது இரண்டு அண்ணன்மார், இருவரும் எண்பதைத் தொடப்போகிறவர்கள், மேலங்கியையும் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். தமிழ்ப்பட வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுத்த கடை பேக்கரிக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது வழக்கு.

"வலப்பக்கம்தான் தம்பி. நான் தாமதமாகத் திருப்பிக் கொடுத்து அபராதம் கட்டின கடை, எனக்குத் தெரியாதா?"

"நீங்கள் எந்தக் காலத்தில் அபராதம் கட்டினீர்கள்? கேசட்டையே திருப்பிக் கொடுத்ததில்லையே!"

தாளில் பேக்கரியின் வலப்பக்கம் காலி என்று இருந்தது, இடப்பக்கம் உலர்சலவைக் கடை. கடை திறப்பதற்கு முந்தைய வருடத் தாள் இது என்கிறார் ஒருவர். கணக்கெடுக்க வந்தவன் திங்கட்கிழமை வந்திருப்பான், திங்கட்கிழமை கடை பூட்டியிருக்கும் என்கிறார் மற்றவர். அடுத்த ஆண்டுத் தாளையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை டிரேசிங் பேப்பரில் இரண்டு பக்கமும் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒவ்வொருவர் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.